பார்க்கத்தான்

கத்திரி வெயில் நூற்றுப் பத்தைத் தொட்ட அன்று
ரேணுகாதான் சொன்னாள்,
வா, கடையில் போய் ஏசி பார்க்கலாம்.
பார்க்கத்தான்.

காட்பாடி ரோட்டில் கண்ணாடிக் கதவு திறந்ததும்
மூன்று பேருக்கும் பேச்சு நின்றுபோனது.
மோனிஷ் ஒவ்வொரு ஏசிக்குக் கீழேயும்
அண்ணாந்து கண்மூடி நின்றான்.

முன்பணமே வேணாம் சார்,
மாசம் ரெண்டாயிரத்து நானூறு,
ஆதார் போதும், நாளைக்கே மாட்டிடலாம்.
விற்கிற பையனின் கழுத்தை டை இறுக்கிக்கொண்டிருந்தது.
அவனுக்கும் ஏதாவது டார்கெட் இருக்கும்.

நான் பேனாவுக்குக் கை நீட்டிவிட்டேன்.

ஐயோ, ஆதாரை வீட்டிலேயே வச்சிட்டேனே
என்றாள் ரேணுகா.
அப்படியொரு வருத்தம் முகத்தில்.
சேட்டுக் கடையிலிருந்து போன மாதம் மீட்ட தோடு
காதில் லேசாக ஆடியது.

பாகாயம் பஸ்ஸில் அவளுக்கு இலவசம்.
எனக்கு டிக்கெட் எடுக்கப் பர்ஸைத் திறந்தாள்.
உள்ளே, அட்டையிலிருந்து
இன்னும் இளைத்த ஒரு ரேணுகா
என்னை முறைத்தாள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ராத்திரி மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றினோம்.
இரண்டே குடம். மூன்றாவதற்கு அவள் விடவில்லை.
சூடு புஸ்ஸென்று கிளம்பி அடங்கியது.

நாளைக்கும் கடைக்குப் போலாமாம்மா?

போலாம், என்றாள் பாயை உதறி.
வேற கடை.