தாழ்மரம்

குன்றக்குடிப் பாறை மேற்கே நீலமாய்த் தெரியும்
வீரைக்குடிக் கோட்டையில்
நீரளப்பவன் நான். பெயர் கீரந்தை.
ஊருணி மதிலுக்கு வெளியே.
அதை அங்கே வெட்டச் சொன்னவன் எவனென்று
முற்றுகையின் மூன்றாம் நாளில்தான்
எல்லாரும் கேட்டார்கள்.

வைகைக்காரர்கள் ஆடியில் வந்தார்கள்.
காவற்காட்டின் சூரைமுள்ளை வெட்டி
அதிலேயே அடுப்பெரித்தார்கள்.
ஊருணிக் கரையில் அவர்கள் எருதுகள்
வயிறு புடைக்கப் படுத்திருந்தன.
மாலையில் துணி துவைக்கும் ஓசை மதிலேறி வரும்.
கவண்கல்லைத் தாங்கிய செம்புறாங்கல் சுவர்
அதைத் தடுக்கவில்லை.

உள்ளே ஒரே கிணறு.
ஆளுக்கு மூன்று உழக்கு என்றேன்,
பிறகு இரண்டு,
பிறகு பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் இரண்டு.
ஒரு சொட்டும் கூடிவிடக் கூடாதென்று
உழக்கின் விளிம்பை விரலால் வழித்தேன்.
நேர்மையானவன் என்றார்கள்.
என் முகத்தில் துப்ப
யாரிடமும் எச்சில் இல்லை.

கொற்றியின் கணக்கு வேறு.
கிழப்பிடி. போருக்கு ஆகாதவள்.
விடியலில் வாயிலின் தாழ்மரத்தைத்
துதிக்கையால் தூக்கிச் சுவரில் சாய்ப்பாள்.
அந்தியில் திரும்பப் பொருத்துவாள்.
இருபது ஆள் வேலை, ஒரு மூச்சில்.
முற்றுகை வந்ததும் அவளைக் கட்டிப் போட்டோம்.
நாற்பது குடம் குடித்தவளுக்கு
எட்டு என்று எழுதினேன். பின்னர் ஐந்து.
பாகன் பொத்தன் தன் பங்கையும்
அவள் வாயில் ஊற்றுவதைப் பார்த்தேன்;
பார்க்காதவன்போல் ஓலையைக் கீறினேன்.

ஐம்பத்தெட்டாம் நாள் பொத்தன் எழவில்லை.
பிணம் தூக்கத் தெம்புள்ள ஆளில்லை என்று
அவளை அவிழ்த்துவிட்டோம்.
விடிந்துகொண்டிருந்தது.
காற்றில் சேற்று வாசம்.
அவள் பொத்தனை முகர்ந்தாள், நின்றாள்,
வாயிலுக்கு நடந்தாள்.

மதில்மேல் ஐந்து வில்லாளிகள். கீழே நான்.
ஒருவரும் ஏய் என்றுகூடக் கத்தவில்லை.
தாழ்மரத்தைத் தூக்கி
எப்போதும் சாய்க்கும் இடத்தில்
எப்போதும்போல் சாய்த்தாள்.
கதவை நெற்றியால் தள்ளினாள்.

வைகைக்காரர்கள் வேலோடு ஒதுங்கினார்கள்.
இது சூதோ என்று அவர்கள் யோசிப்பதற்குள்
காதளவு நீரில் இறங்கிவிட்டாள்.
அவள் குடித்து முடிக்கும்வரை போர் இல்லை.
பிறகு இருந்தது.
அதை வேறு யாரிடமாவது கேளுங்கள்.

உச்சிப்பொழுதில் அவர்கள் படைத்தலைவன்
கதவைத் திறந்தவன் யாரென்று கேட்டான்,
பொன் கொடுக்க.
கட்டுண்டு கிடந்த எங்கள் கோமகன் சேந்தனும்
அதையேதான் கேட்டான்.
என் கையில் உழக்கு இருந்தது.
நான் யாரையும் கைகாட்டவில்லை.

அந்தியில் கொற்றி
தானாகவே திரும்பி வந்தாள்.
வயிற்றிலிருந்து நீர் சொட்டச் சொட்ட
வாயிலில் காத்து நின்றாள்.
யாரோ ஒரு வைகைக்காரன் கதவைச் சாத்தினான்.
அவள் தாழ்மரத்தைப் பொருத்தினாள்,
எங்கள் எல்லாரையும் உள்ளே வைத்து.