நான்காம் வாசல்

கப்பல் பதினொன்றுக்குக் கட்டும்.
ஐந்தரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும்.
இடையில் கிடப்பதுதான் மார்செய்.

நான்காம் வாசலில் பெயரட்டையோடு நிற்கிறேன்:
பிரைட்வெல், இருவர், தனி வாகனம்.
பெரிய பேருந்துகள் ஐம்பது ஐம்பதாக
ஆட்களை விழுங்கிக்கொண்டிருக்கின்றன.

ஹெஸ்டர் முன்னால் என் பக்கத்தில் ஏறினார்.
நைஜல் கடைசி வரிசையில்.
நடு வரிசை வெறுமையாக
பெல்ட் போட்டுக்கொண்டு வந்தது.

"அவரிடம் சொல்லுங்கள்,
தொப்பியைக் கப்பலிலேயே விட்டுவிட்டார் என்று."
சொன்னேன்.
"அவளிடம் சொல்லுங்கள்,
என் தலை எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும் என்று."
அதையும் சொன்னேன், கொஞ்சம் சீனி போட்டு.
பதினேழு வருடத்தில்
பிரெஞ்சை ஆங்கிலமாக்கியிருக்கிறேன்,
கல்லைக் கதையாக்கியிருக்கிறேன்.
ஆங்கிலத்தை ஆங்கிலமாக்குவது
இதுதான் முதல் தடவை.

என்னிடம் ஊர் ஒன்று இருக்கிறது, மடித்து வைத்தது:
கோடு போட்ட தேவாலயம் ஏழு நிமிடம்,
ஏற்றத் தெருக்கள் நாற்பது,
சவர்க்காரக் கடை இருபது என்று சொல்லி முப்பத்தைந்து.
வடகாற்று அடித்தால்
எல்லாவற்றிலும் மூன்று கழிக்க வேண்டும்,
சவர்க்காரத்தைத் தவிர.
பல் வைத்தியர், ஓடாத மின்தூக்கி,
குப்பைக்காரர் வேலைநிறுத்தம் உள்ள
மிச்ச ஊரில் நான் குடியிருக்கிறேன்.
அதை இதுவரை யாரும் முன்பதிவு செய்யவில்லை.

பழைய துறைமுகத்தில் கண்ணாடிக் கூரை.
அண்ணாந்தால் நாமே தலைகீழாக.
ஹெஸ்டர் ஒரு தூணருகே,
நைஜல் மறு தூணருகே.
கூரைக்குள் ஒருவரையொருவர் பார்த்தார்களோ என்னவோ,
நான் அந்த நேரம்
மீன்காரியின் நீலத் தொட்டிக்குள்
இன்னும் சாகாத கணவாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு காலை வெளியே போட்டுப் பார்த்தது,
பிறகு உள்ளே எடுத்துக்கொண்டது.

மூன்றே கால். மலைக்கோயில்.
உள்ளே கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும்
சின்னச் சின்னக் கப்பல்கள்,
கடலில் தப்பியவர்களின் நேர்த்திக்கடன்.
இந்த இடத்தில் சொல்ல என்னிடம்
நல்ல வசனம் ஒன்று உண்டு.
அன்று சொல்லவில்லை.
யார் வழியாகச் சொல்வதென்று தெரியவில்லை.

வெளியே மதில். கீழே முழு ஊரும்.
சிறைக்கோட்டைத் தீவைக் காட்டினேன்,
விளையாட்டரங்கைக் காட்டினேன்.
இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.
எல்லோரும் அப்படித்தான்,
எவ்வளவு உயரம் ஏற்றிவிட்டாலும்
தங்கள் கப்பலைத்தான் தேடுவார்கள்.

"அதுவா நம் ஜன்னல்?"
ஹெஸ்டர் கேட்டார். என்னிடம் அல்ல.
"நம்முடையது மறுபக்கம். பன்னிரண்டாம் தளம்."
"பதினொன்று."
"பன்னிரண்டு, ஹெஸ்டர். தினமும் பொத்தானை அழுத்துகிறவன் நான்."
"தினமும் ஒரு மாடி இறங்கி வருகிறவள் நான்."
பன்னிரண்டு, பதினொன்று, பன்னிரண்டு என்று
படியெல்லாம் எண்ணாமல் இறங்கினார்கள்.
பின்னால் நான்,
வேலை போனவனைப் போல.

திரும்பும்போது நைஜல் முன்னால் ஏறினார்.
ஹெஸ்டர் நடு வரிசையில்,
அவர் காதுக்கு நேர் பின்னால்,
பதினொன்றைத் தொடர வசதியாக.

ஐந்து இருபத்தாறு. வாசல்.
ஆளுக்கு இருபது யூரோ கையில் வைத்தார்கள்,
மற்றவருக்குத் தெரியாமல்.
பாலத்தில் ஏறும்வரை கேட்டது:
வரவேற்பறையில் விசாரித்துவிடலாம், வா.

வண்டிக்குள் பிஸ்கட் துகளைக் கூட்டி,
எண்ணெய் அடித்து,
மேம்பாலத்துக்கு வரும்போது ஆறரை.
முன்னால் சிவப்பு விளக்குகளின் வரிசை, அசையவில்லை.
வலப்பக்கம் கப்பல் மெதுவாகத் திரும்பியது,
ஜன்னல் ஜன்னலாக விளக்கு.
கீழிருந்து தளங்களை எண்ணத் தொடங்கினேன்.

ஏழு வரை வந்திருப்பேன்,
பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான்.