யாரால்

ஆண்டிறுதி விடுமுறையின் இரண்டாம் நாள்.
கோலக்கெட்டில் பட்டணத்தின் மேல்
செம்பனை ஆலையின் புளித்த வாடை.
பாடநூல் இரவல் திட்டத்துக்கு நான்தான் பொறுப்பு,
சம்பளத்தில் சேராத பொறுப்பு.
ஆயிரத்துச் சொச்சம் புத்தகம், ஒரு பதிவேடு,
ஒரு பக்கமாகவே தலையாட்டும் மின்விசிறி.

புதுப் பதிப்பு நேற்றுதான் வந்து இறங்கியது.
அட்டையில் கொடி, கோபுரம், சிரிக்கும் நாலு பிள்ளைகள்.
பழையதை எடைக்குப் போடச் சொல்லிச் சுற்றறிக்கை.
இரண்டையும் ஒத்துப் பார்க்கச் சொல்லி
யாரும் உத்தரவு போடவில்லை.
சும்மா விரித்தேன்.

பழையதில் ஒரு முழுப் பக்கம்:
கப்பல் தளத்தில் குந்தியிருக்கும் முப்பது பேர்,
ஒருவர் மட்டும் கேமராவைப் பார்க்காமல்.
புதியதில் நாலு வரி.
படம் இருக்கிறது, தபால்தலை அளவில்,
முகமெல்லாம் வெறும் புள்ளி.
பழையதில், தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.
புதியதில், தோட்டங்களுக்கு வந்தார்கள்.

அவ்வளவுதான்.
ஆட்சி மாறியது, அமைச்சர் மாறினார்,
குழு மாறியது. புதுக் குழு
குளிரூட்டிய அறையில் கறிபாப் தின்று தே தாரேக் குடித்து
ஒரு வினைச்சொல்லின் இடுப்பை ஒடித்திருக்கிறது.
வந்தார்கள்.
சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து
ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கி வந்தது போல.
வந்தவரிடம்
எப்போது போகிறாய் என்று கேட்பது சுலபம்.

கோபப்படத்தான் நினைத்தேன்.
ஆனால் ஐந்தாம் ஆண்டுக்கு இலக்கணமும் நானே எடுக்கிறேன்.
பூனையால் பால் குடிக்கப்பட்டது.
பால் குடிக்கப்பட்டது.
பூனை எங்கே போச்சு, பார்த்தீங்களா?
பிள்ளைகள் மேசைக்கடியில் தேடுவார்கள்.

நல்லதென்று நான் நம்பியிருந்த பழைய பதிப்பிலும்
பூனையைக் காணோம்.

போன தவணைச் சோதனையில் யுகேந்திரன்
அவர்கள் மலாயா வந்த காரணம் என்ன என்ற கேள்விக்கு
எழுதியிருந்தான்:
அவங்கள யாரும் கேக்கல டீச்சர்.
விடைப்பட்டியலில் அது இல்லை.
சுழியம் போட்டேன்.
பேச்சுத் தமிழ் என்று அடிக்கோடும் இட்டேன்.

பதினேழாம் எண் புத்தகத்தில்
கொண்டுவரப்பட்டார்கள் என்ற சொல்லின் தலைக்கு மேல்
பென்சிலில் ஒரு கேள்வி: யாரால்?
உள்ளட்டைச் சீட்டில் ஐந்து பெயர்கள்,
தர்மினி, சர்வேந்திரா, லோகதர்ஷன், மேகலாஸ்ரீ,
கடைசிப் பெயரில் மை கசிந்திருக்கிறது.
கையெழுத்து யாருடையது என்று தெரியவில்லை.
கிறுக்கலை அழித்துவிட்டுத்தான்
அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி.
நானே அழித்திருப்பேன்.
தாள் அந்த இடத்தில் மட்டும் மெலிந்திருக்கிறது,
வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிறது.
யாரோ எழுத, நான் அழிக்க,
மறு ஆண்டு இன்னொரு பிள்ளை
அதே இடத்தில் எழுதியிருக்கிறது.
மேசையில் என் ரப்பர் கிடந்தது.
எந்தத் தோட்டத்துப் பாலோ.

சூராட் காபார் லாமா, சூராட் காபார் லாமா என்று
ஒலிபெருக்கி அலற லோரி வந்தது.
சியூ ஹோக் தராசை இறக்கினார்.
அறிவியல், நன்னெறி, கணிதம், வரலாறு
எல்லாம் கிலோ முப்பது காசு.
கயிறு கட்டும்போது கேட்டார்,
ஏன் டீச்சர், புதுசாத்தானே இருக்கு?
கதை மாறிப்போச்சு என்றேன்.
தலையாட்டினார். அவருடைய பிள்ளைகள் படித்த
சீனப்பள்ளியிலும் போன வாரம்தான் ஏற்றினாராம்.

வரலாறு, நான்காம் ஆண்டு, பழைய பதிப்பு,
இருக்க வேண்டியது நாற்பத்திரண்டு.
எடைக்குப் போனது நாற்பத்தொன்று.
பதிவேட்டில் குறிப்புக்கென்று
ஒரு விரல் அகலக் கட்டம்.
இருபத்திரண்டு ஆண்டுச் சேவையில்
அரசாங்கத் தாளில் பொய் எழுதியதில்லை.
செய்தவரை மறைக்காமல்
இலக்கணச் சுத்தமாய் எழுதினேன்:
ஒரு பிரதி, கறையானால் அரிக்கப்பட்டது.