ஏழாவது கோரிக்கை

இந்த வீட்டின் சுவர் இரண்டடிக் கருங்கல்.
எந்தத் துரையோ குளிருக்குப் பயந்து கட்டியது,
வைஃபை வரும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்.
கூடத்து ரவுட்டர்
அடுக்களைக்கு ஒரு புள்ளி தரும்,
என் மேசைக்கு அதுவும் இல்லை.

சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கரண்ட் கம்பியிலேயே
பேச்சையும் ஓட்டினால் என்ன என்றான் தயாபரன்.
ப்ளக்கில் செருக ஒரு பெட்டி, சோப்பு டப்பா அளவு.
முதல் மாதிரி நிஜமாகவே சோப்பு டப்பாதான்.
ஃப்ரிட்ஜ் உறுமும்போதெல்லாம்
"ஹலோ" வெறும் "லோ" ஆகும்.
கோத்தகிரியில் எவனுக்கு ஃப்ரிட்ஜ் என்று
பிடுங்கிப் போட்டான்.
வெளியே வைத்த தயிர் மூன்று நாள் புளிக்கவில்லை.

பேச்சு எளிது.
மௌனம்தான் எங்களை வேலை வாங்கியது.

யாரும் பேசாதபோது இணையத்தில் எதுவும் போகாது,
வீண் செலவு எதற்கென்று இயந்திரம் வாயை மூடிக்கொள்ளும்.
அப்போது காதுக்குள் வரும் இருட்டு இருக்கிறதே,
கிணற்றில் தலையை விட்டதுபோல,
எதிராளிக்கு என்னவோ ஆகிவிட்டதென்று
ஆளாளுக்குக் கத்துவார்கள்.
ஆகவே கேட்பவர் பக்கத்திலேயே
கொஞ்சம் பொய் இரைச்சல் காய்ச்சி ஊற்ற வேண்டும்.
எங்கும் அப்படித்தான் செய்கிறார்கள்.
எங்களுடையதை நாங்கள் இந்த அறையில் பிடித்தோம்.
ஜூலை, இரவு இரண்டு மணி,
தகரத்தின் மேல் சாரல்,
சில்வர் ஓக் இலையிலிருந்து நின்று நின்று சொட்டுகிறது,
சளி பிடித்திருந்த தயாபரனின் மூச்சும்
எங்கோ கலந்துவிட்டது. வடிகட்ட முடியவில்லை.

காப்புரிமை மனுவில் ஏழாவது கோரிக்கைக்குச் சண்டை.
"மேற்சொன்ன இரைச்சலானது,
மறுமுனையிலிருந்து ஏதும் வராத நிலையில்,
கோடிட்ட நொடிகள் நீடிக்கும்."
ஐந்து என்றான். அதற்கு மேல் ஏமாற்று என்றான்.
லைன் அறுந்தாலும் ஆள் பதறக் கூடாது,
தானாக ஒட்டும்வரை ஓடட்டும் என்றேன் நான்.
கோட்டின் மேல் என் கையெழுத்தில்:
காலவரையின்றி.

போன சனிக்கிழமை இரவு கோவையிலிருந்து கூப்பிட்டான்.
தன் பங்கை விற்றுவிட்டானாம்.
கையெழுத்துக்கூடப் போட்டாயிற்றாம்.
அப்புறம் பேசவில்லை.
சாரல் கேட்டது.

திட்டினேன். நன்றாகத் திட்டினேன்.
பிறகு திட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.
உன் அக்காவின் வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது,
எனக்குத் தெரியும்,
தெரிந்துதான் கேட்காமல் இருந்தேன் என்றேன்.
இன்னொன்றும் சொன்னேன்,
அதை இங்கே எழுதப்போவதில்லை.
மூக்கடைத்த மூச்சு ஒன்று கேட்டது.
அழுகிறான் என்று நினைத்தேன்.

காலையில் ஏணியோடு ஹாலன் வந்தார்,
கம்பளிக் குல்லாய் நனைந்திருந்தது.
கட்டபெட்டு வளைவில் காட்டெருமை முதுகு தேய்த்ததில்
கம்பம் சாய்ந்து ஃபைபர் போய்விட்டது.
"ஒம்பதே முக்காலுக்கே அலாரம் அடிச்சுதும்மா.
யாரு அந்த இருட்டுல போறது?"
பெட்டியின் பதிவேட்டைப் பார்த்தேன்.
நான் போனை வைத்தது பத்து மணி ஐந்து நிமிடம்.
முழுதாக இருபது நிமிடம்
ஒரு பழைய ஜூலையிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

மதியம் கம்பி ஒட்டியதும் அவனே கூப்பிட்டான்.
"நேத்து நான் சொன்னது கேட்டுச்சா?"
எது?
"கையெழுத்துப் போட்டேன்னு சொன்னதுக்கு அப்புறம்.
ரொம்ப நேரம் பேசினேனே."

அவன் பக்கமும் அதே பெட்டி.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் காதில் இப்போது என்ன மழை பெய்கிறதென்று
எனக்குத் தெரியும்.
மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.
நாலாவதில்
"லோ?" என்று வந்தது.
அவன் போன மறுநாளே ஃப்ரிட்ஜை
நான்தான் திரும்பச் செருகியிருந்தேன்.