ஒரு பக்கத்துக்கு மிகாமல்

காப்பிக் கடை பனியில் மூடிக்கிடந்தது.
என் பல் கிளினிக்கின் காத்திருப்பு அறையிலேயே
அவளை வரச்சொன்னேன். நவம்பர், சனிக்கிழமை.
வரவேற்பு மேசையில் லோர்னா
யாருடைய காப்பீட்டுக் கணக்கோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
மீன் தொட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

டானிகா வுகோவிச். வயது பதினேழு.
கறுப்புக் கோட்டு அவளுடையதல்ல,
தோள்கள் அவளைத் தாண்டி இரண்டு அங்குலம் போயிருந்தன.
வாசலில் பனிக்காலணியைக் கழற்றிவிட்டு
பைக்குள்ளிருந்து நல்ல ஜோடியை எடுத்து மாட்டியதைக்
கண்ணாடிக் கதவு வழியே பார்த்துவிட்டேன்.
பார்க்காதவன்போல்
பழைய பத்திரிகைகளை அடுக்கினேன்.

அந்தக் கல்லூரியை விட்டு வந்து முப்பத்தோரு வருடம்.
இங்கிருந்து கிழக்கே இரண்டாயிரம் மைல்.
ஆண்டுதோறும் மொன்டானா மூலையில் இருக்கும் எனக்கு
இரண்டு மூன்று பெயர் அனுப்புவார்கள்:
பேசிப் பார், எழுதி அனுப்பு, ஒரு பக்கத்துக்கு மிகாமல்.
இதுவரை இருபத்தேழு பிள்ளைகள்.
இருபத்தேழு பக்கம்.
ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை.
இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

உன்னைப் பற்றிச் சொல் என்றேன்.
தலைமைப் பண்பு என்றாள். சவால் என்றாள்.
கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த சொற்களுக்கு
ஒரு வாடை உண்டு.
வலிக்கவில்லை டாக்டர் என்று சொல்லிக்கொண்டே
நாற்காலிக் கைப்பிடியை நசுக்குகிறவர்களை
நாளெல்லாம் பார்க்கிறவன் நான்.
எனக்கு மூன்று குறைகள் உண்டு, முதலாவது
அளவுக்கு மீறி உழைப்பது என்றவள்
மற்ற இரண்டும் மறந்துபோய்
தொட்டியில் ஆரஞ்சு மீனைத் தேடினாள்.

நேற்று ராத்திரி என்ன செய்தாய்?

"வாத்து விரட்டினேன்."

அப்புறம்தான் கோட்டுக் கையை முழங்கைக்கு ஏற்றிவிட்டாள்.

செம்பு தோண்டிய குழியில் தேங்கிய தண்ணீர்.
மேலே பறப்பவற்றுக்கு அது ஏரி.
தெற்கே போகிற பனிவாத்துகள் இளைப்பாற இறங்கும்,
இறங்கினால் அமிலம்.
வெடி போட்டு விரட்டுவது அப்பாவின் வேலை.
அவருக்கு வலது காது செத்துவிட்டது,
அதனால் மூடுபனிக்குள் முதல் கத்தலைக் கேட்பது இவள்.

"போன வருடம் ஒரே ராத்திரியில் நாலாயிரம் வந்தது.
விடியும்வரை விரட்டினோம்.
பதினாறு மட்டும் கிளம்பவே இல்லை.
நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்,
எந்தக் காற்று, எத்தனை மணி, எங்கிருந்து சுட்டோம்.
கிழக்குக் கரையிலிருந்து சுட்டால் குழம்பிப்போகின்றன.
ஏன் என்று தெரியவில்லை.
ஏன் என்று
இன்னும் தெரியவில்லை."

இரண்டாவது தடவை அதை எனக்குச் சொல்லவில்லை.
பேனாவை மூடிவிட்டேன்.

கடைசியில் வழக்கம்போல்,
என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?
மடித்த தாளை எடுத்தாள், அதில் மூன்று இருந்தது.
திரும்ப உள்ளே வைத்தாள்.
"நீங்கள் எழுதுவதை அங்கே யாராவது படிக்கிறார்களா?"

லோர்னாவின் தட்டச்சு நின்றது.

தெரியவில்லை என்றேன்.
அவள் சிரித்தாள், அன்றைக்கு முதல் தடவையாக.
கீழ்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின்மேல்
தோள் சாய்த்திருந்தது. அப்படியே இருக்கட்டும்.

வெளியே புகைந்துகொண்டிருந்தது அப்பாவின் லாரி.
ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தால்
செத்த காதிடம்தான் பேச வேண்டும்.
அதனால் வண்டியைச் சுற்றிப் போய்
ஓட்டுநர் ஜன்னலைத் தட்டி, கண்ணாடி இறங்கியதும்
கொட்டுகிற பனியில் நின்றபடி
நெடுநேரம் சொன்னாள்.
நல்ல காலணியை மாற்ற மறந்துவிட்டிருந்தாள்.

இரவு எழுத உட்கார்ந்தேன்.
தலைமைப் பண்பு: ஒரு வரி.
காற்று, மணி, பதினாறு...
கிழக்குக் கரைக்கு வருவதற்குள் பக்கம் முடிந்துவிட்டது.

எழுத்தின் அளவை
ஒரு படி சிறிதாக்கினேன்.