அழிப்பான்

காலை ஆறேகாலுக்கு ஹனோயிலிருந்து தொலைபேசி.
"சரி, தோழரே" என்றார் நீதிபதி, மூன்று முறை.
நான்காவது முறை மூச்சு மட்டும்.

நேற்றே பென்சிலால் எழுதிவைத்திருந்தார்: இரண்டு ஆண்டு.
அழித்தார்.
ஐந்து.

பிறகுதான் விசாரணை.
சான்றுப் பொருள் பதினான்கு: பாதி எரிந்த மெழுகுவர்த்தி.
"என்ன கோஷம் போட்டீர்கள்?"
மீன்சாறு விற்கும் லுவோங் தி தோவா சொன்னாள்:
"கோஷமில்லை ஐயா.
பிடுங்கிக்கொண்ட மாதா கோயில் நிலத்தின் மதிலோரம்
மண்டியிட்டிருந்தோம்.
மழை. திரி நனையாமல்
ஒருவர் சுடருக்கு இன்னொருவர் கை."

பதியாதே என்றன அவர் கண்கள்.
நான் பதியவில்லை.
எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

எல்லோரும் போனபின் மேசையைத் துடைத்தேன்.
ரப்பர் துகள்கள் உதிர்ந்தன.
ஐந்தின் அடியில்
விரலுக்குத் தட்டுப்பட்டது
அந்த இரண்டு.