வெட்டிப்போட்ட துண்டு

லிஸ்பனில் ஒரு நிலவறை.
டப்பாவைத் திறந்ததும் காடி நெடி.
தொண்ணூறு வருடமாகப்
புளித்துக்கொண்டிருக்கிறது படச்சுருள்.

சுல்மீரா கையுறை மாட்டுகிறாள்.
'சாந்தோமே: ஆனந்த அறுவடை' என்று
சாய்ந்த கையெழுத்தில் ஒரு சீட்டு.

துரைமகளின் வெள்ளைக் குதிரைக்கு நான்கு நிமிடம்.
கோக்கோ உலரும் தட்டுகளுக்கு இரண்டு.
விதையைப் புரட்டி நடக்கும் பாதங்கள் உண்டு,
கணுக்காலுக்கு மேலே ஆளில்லை.

சுருளின் கடைசியில்
எவனோ எறிய மறந்த ஒரு துண்டு:
கூடையோடு ஒருவன் வருகிறான்.
ஃபிரேமுக்கு வெளியே யாரையோ பார்க்கிறான்.
நிற்கிறான்.
திரும்பிப் போகிறான், கூடையோடு.
மறுபடி வருகிறான்.
இப்போது சிரிக்கிறான்.

முழுப்படத்தில் இருப்பது
இந்தச் சிரிப்பு மட்டும்.

வெளியே நின்றவன் என்ன சொன்னான்?
ஊமைப்படம் சொல்லாது.
போன முதுகுக்கும் வந்த முகத்துக்கும் நடுவே
நாற்பத்தொரு ஃபிரேம்,
வெறும் வேலி, ஒரு கோழி.

தன் குடும்பப்பெயர் இவனுடையதாக இருக்கலாம்,
இல்லாமலும் போகலாம்.
ஒப்பந்தக் காகிதத்தில் எண்தான் இருந்தது.

சிரிப்பை எடுத்துவிடுகிறாள்.
கோழி நடக்கும் வேலியை
மூன்று நிமிடத்துக்கு நீட்டுகிறாள்.

தயாரிப்பாளர் போனில் கேட்கிறார்:
இதில் ஆளே இல்லையே?

திரும்பிப் போயிருக்கிறான், என்கிறாள்.
கூடையை இறக்கச் சொல்லவில்லை.